பாத்திரத்தில் விழுந்த முகம்

1

சண்டைக்குத் தப்பி வந்தவர்களைப் பற்றிய இணையத் தொகுப்பு ஒன்றைப் பார்த்தேன். படங்கள் நகர நகர அவர்கள் குரலும் கூடவே ஒலித்தது. ஒரு பெண் பேசும்போது மட்டும் கைகளே தெரிந்தன. முகம் எப்போது வரும் என்று கடைசிவரை காத்திருந்தேன். வரவில்லை. அந்த ஏமாற்றத்தில் பிறந்தது இந்தக் கதை. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘குண்டுச் சத்தம் ஓய்ந்த அந்தக் காலையில்—’

வேண்டாம். குண்டுச் சத்தத்தை நான் கேட்டதில்லை. அடுப்படியிலிருந்து தொடங்குகிறேன். அது எனக்குத் தெரிந்த இடம்.

2

ஒற்றை அறை வீடு. அப்படியொரு தொகுப்புக்காக வந்திருந்த புகைப்படக்காரி சுவரோடு ஒட்டி நின்றாள். யாராவது பேசும்போது கேமராவைத் தூக்குவது அவள் வழக்கமில்லை. ஒலிப்பதிவுக்காரர் தரையில் சம்மணமிட்டிருந்தார். வீட்டுக்கார அக்கா பாத்திரம் துலக்கியபடியே பேசினாள். (‘கண்ணீர் வடித்தபடி’ என்று எழுதி அடித்துவிட்டேன். கை சும்மா இருந்தால் அவளுக்குப் பேச்சு வராது.)

“குரல எடுத்துக்கோங்க, கைய எடுத்துக்கோங்க. மூஞ்சி மட்டும் வேண்டாம் தங்கச்சி. என் தம்பி இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கான். நான் வாயத் திறந்தது தெரிஞ்சா அவனத்தான் பிடிப்பாங்க.”

“கண்டிப்பா வராதுக்கா.”

பேசி முடித்ததும், எல்லாரும் ஒரு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும் என்றார் ஒலிப்பதிவுக்காரர். வெட்டிய இடங்களில் ஒட்டுப்போட அந்த அறையின் வெறும் அமைதி வேண்டுமாம்.

“சும்மா இருக்குறதக் கூடவா பதிவு பண்ணுவீங்க? என் வீட்டுக்காரர் இருந்தப்ப வந்திருக்கணும். நாள் பூரா பதிவு பண்ணிருக்கலாம்.”

அவர் சிரித்துவிட்டு அந்த ஒரு நிமிடத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

துலக்கிய பாத்திரத்தின் மேல் ஈரக்கைகள் ஓய்ந்து கிடந்தன. அந்த அமைதியில், சத்தமில்லாத கேமராவில், புகைப்படக்காரி ஒரே ஒரு படம் எடுத்தாள்.

3

அலுவலகத்தில் தொகுப்பின் ஆசிரியருக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். எதைக் கொடுத்தாலும் பாதியாக்கித் தருவார். இந்தப் படத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதான் முகப்புப் படம்.”

“கொஞ்சம் பெருசாக்குங்க சார்” என்றாள் புகைப்படக்காரி.

பாத்திரத்தின் பளபளப்பில் அக்காவின் முகம் துல்லியமாக விழுந்திருந்தது. எடுக்கும்போது புகைப்படக்காரி கைகளை மட்டுமே பார்த்திருந்தாள்.

“மூஞ்சிய அழிச்சிரலாமா?” என்றார் கத்திரி. “ஒரு புள்ளியக்கூட மாத்தக் கூடாதுன்னு எங்கிட்ட மல்லுக்கு நின்னது யாரு?”

“நான்தான்.”

“வெட்டினா கையும் போயிரும். அப்படியே விடும்மா. யாரு உத்துப் பாக்கப் போறாங்க?”

“தேடுறவன் பாப்பான் சார்.”

(இங்கே கத்திரியை நல்லவராக்கிப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. பிறகு, படம் வெளியாவதாக எழுதினேன்: ‘மறுநாள் அந்தத் தம்பியின் கதவை—’ அதற்குமேல் கை ஓடவில்லை. எழுதினால் காட்டிக்கொடுத்தவள் நானாகிவிடுவேன்.)

4

படத்தை அச்செடுத்துக்கொண்டு புகைப்படக்காரி அக்காவிடமே போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அக்கா திட்டுவாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். “நானா இது?”

(முகத்தைப் பற்றி இங்கே நான்கு வரி இருந்தது. கிழித்துவிட்டேன்.)

“ஓடி வந்தப்ப ஒரு போட்டோகூட எடுத்துட்டு வரல. இத எனக்குக் குடுத்துரு. ஊருக்குக் காட்ட வேற எடுத்துக்கோ.”

உடனே பாத்திரத்தை எடுத்து உட்கார்ந்தாள். கைகள் புது வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கைகள் போல விறைத்துக்கொண்டன.

“நடிக்கிறேன்ல?”

“ஆமாக்கா.”

இருவரும் சிரித்தார்கள். அந்த நடிப்பை உண்மை என்று கொடுக்கப் புகைப்படக்காரிக்கு மனம் வரவில்லை. வெறுங்கையோடு திரும்பினாள்.

5

“படம் கிடையாது சார். கறுப்புத் திரை, குரல் மட்டும்.”

“கறுப்ப யாரு உக்காந்து பாப்பாங்க? சட்டுன்னு தாண்டிருவாங்க. அந்தம்மா சொன்னதெல்லாம் காத்தோட போயிரும். பரவாயில்லையா?”

அவள் ஒலிப்பதிவை அவர் முன் வைத்தாள். கத்திரி பெருமூச்சுவிட்டு, அப்படியே வெளியிட்டார்.

யாராவது கேட்டார்களா என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் பாடு. ஒன்று மட்டும் தெரியும்: இவ்வளவு தூரம் படித்ததில் அக்காவுக்கு நீங்களாக ஒரு முகம் கொடுத்திருப்பீர்கள். அதை வைத்துக்கொண்டு அவள் தம்பியை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரை கறுப்பாக இருக்கிறது. அவள் பேசத் தொடங்குகிறாள்.