ஒன்று விடாமல் வைத்த பொட்டு

கம்ப்யூட்டரைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமே கிடையாது என்பது மாரீஸ்வரனின் எண்ணம். நயினார்கோவிலில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். மீதிப் பேர், கடைவீதியில் அவருடைய கம்ப்யூட்டர் கடைக்கு எதிரே ஆறு மாதத்துக்கு முன்பு இன்னொரு கம்ப்யூட்டர் கடை போட்ட உமாமகேஸ்வரியிடம் போய்விட்டார்கள். அவள் பெயரைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கடையைத் திறந்த அன்று, முதல் ஆளாகக் கனகலட்சுமி வந்து நின்றாள். பக்கத்துக் கிராமத்துப் பெண். நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அதை அன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"அஞ்சு நிமிச வேலை தாயி, உக்காரு" என்று மாரீஸ்வரன் ஸ்விட்சைத் தட்டினார். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விசிறி சுற்றியது. திரை மட்டும் 'நோ சிக்னல்' என்று ஒரு வரி காட்டிவிட்டு இருண்டது.

அணைத்துப் போட்டார். மானிட்டர் கேபிளைப் பிடுங்கி, பின்பக்கம் கையால் தடவியே சொருகினார். பரணில் கிடந்த வேறு கேபிளைத் தூசி தட்டி மாட்டினார். பெட்டியைத் திறந்து, மெமரி அட்டையைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். திரை அதே வரியைத்தான் காட்டியது. பெட்டி பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருக்க, தனக்கு ஒன்றுமே வரவில்லை என்று சாதித்தது அந்த மானிட்டர். என்ன கொழுப்பு பாருங்கள்!

"அண்ணே, மணி பன்னெண்டாச்சு. எதிர்க்கடையில வேணா..."

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"

 ராமநாதபுரத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் மெக்கானிக் அப்துல் அஜீசுக்கு மாரீஸ்வரன் போன் போட்டார். "மானிட்டர் பக்கம் கேபிள் சொருகுற எடத்தப் பாத்தீகளா?" என்று அஜீஸ் கேட்டார்.

"அதெல்லாம் பாத்தாச்சு பாய்" என்றார் மாரீஸ்வரன், பார்க்காமலே. இருபது வருடமாக இதே தொழிலில் இருப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது?

பிறகுதான் அவருக்குப் பொறி தட்டியது. எதிர்க்கடைக்காரி கண்ணு! சூடம் கொளுத்தினார். பூஜையன்று செய்தது போலவே கேபிளைக் கழற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டு, மானிட்டரின் பின்பக்கம் கைவிட்டு, இன்னொரு முறை சந்தனத்தை அப்பினார். முன்பக்கம் வைத்தால் திரை கறையாகிவிடுமே.

"அண்ணே, தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று கனகலட்சுமி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மேசைக்கு அடியில் படுத்துக் கிடந்த மாரீஸ்வரன், "போயிட்டு வா" என்று காலை ஆட்டினார். அரைமணி கழித்து அவள் வந்து உட்கார்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

கடைசியில் வேறு வழியில்லாமல் அஜீசை மறுபடியும் கூப்பிட்டார். "கேபிளக் கழட்டிட்டு, பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணே" என்றார் அவர். அனுப்பிய மறுநிமிடமே போன் அடித்தது.

"அந்த ஓட்டைக்குள்ள என்னண்ணே, மஞ்சளா அப்பியிருக்கு?"

மாரீஸ்வரன் குனிந்து, முதல்முறையாக அந்த ஓட்டையைப் பார்த்தார். பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, மவுஸ் முதல் மானிட்டர் வரை ஒன்று விடாமல் பொட்டு வைத்தவர் அவரேதான். மானிட்டருக்கு வைத்தது, கேபிள் சொருகும் ஓட்டைக்குள்ளேயே இறங்கியிருந்தது. பூஜையன்று ஒன்று, இன்று ஒன்று.

மின்சாரத்தை நிறுத்தி, பல்குத்தும் குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். கேபிளை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் திரை பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா தாயி! யாருகிட்ட?" என்று துள்ளினார். துள்ளியவரின் கண் திரையின் மூலையில் விழுந்தது. மணி ஐந்து ஏழு.

தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தாயி, உன் படிப்பக் கெடுத்துட்டேனே. என் வீம்புல மண்ணள்ளிப் போட" என்றார். உண்மையாகவே அழுதார்.

கனகலட்சுமி பதறி எழுந்தாள். "அழாதீகண்ணே. ரெண்டே முக்காலுக்கே முடிஞ்சிருச்சு. தண்ணி குடிக்கப் போறேன்னு எதிர்க்கடைக்குத்தான் போனேன்."

அவள் பையிலிருந்து எடுத்து நீட்டிய தாளில், இடம் உறுதி செய்யப்பட்டது என்று தெளிவாக அச்சாகியிருந்தது. மாரீஸ்வரன் அதை இரண்டு முறை படித்தார். போன உயிர் திரும்பி வந்தது, கூடவே வெட்கமும் வந்தது.

"பெறகு ஏன் தாயி இங்கன வந்து உக்காந்திருந்த?"

"எனக்காகத்தான இம்புட்டுப் பாடு படுறீக. சொல்ல வாய் வரல, விட்டுட்டுப் போகவும் மனசு வரல."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவுக கடையில ஆயுத பூஜை கும்பிடலயா?"

"கும்பிட்டிருக்காகண்ணே" என்றாள் கனகலட்சுமி. "பொட்டு செவுத்துல வச்சிருக்காக."