கொடியில் இருக்கிற கிளி

நாடு பிறந்து பத்து மாதம்கூட நிறையவில்லை. அதற்குள் ஆகஸ்ட் கடைசியில் அந்தப் புயல் வந்து எங்கள் டொமினிக்காத் தீவைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போனது. காலையில் வந்தது, சாயங்காலத்துக்குள் கிளம்பிவிட்டது. வீட்டுக்கூரைகள் கடலில் மிதந்தன. டியாப்ளோட்டின் மலை மொட்டை அடித்த மாதிரி நின்றது. அதில் அத்தனை மேடு பள்ளம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

போலீஸ் நிலையத்துக் கம்பத்தில் மறுபடி கொடியை ஏற்றினார்கள். நடுவில் சிசெரு கிளி, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மற்ற நாட்டுக்காரர்களுக்குக் கவலை இல்லை. கழுகைக் கொடியில் வைத்தவனுக்குத் தன் ஊரில் கழுகு செத்தால் பக்கத்து நாட்டில் பத்து இருக்கும். சிசெரு அப்படி இல்லை. எங்கள் மலைக்காட்டை விட்டால் உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. அதுவும் மலை உச்சியில், மனுஷ வாடையே ஆகாமல் வாழ்கிற ராங்கிக்காரக் கிளி. காடே இல்லாதபோது அது எங்கே இருக்கும்? "கொடியில இருக்கு, காட்டுல இல்ல" என்று நிவாரண மாவு மூட்டைக்கு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கொடியை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்தக் கிளியைத் தேடுகிற வேலை ஹெஸ்கித்தின் தலையில் விழுந்தது. பதினொரு வருஷமாக அவன் வனக்காவலன். தினமும் விடியும்போது மலை ஏறுவான், இருட்டுகிற நேரத்துக்குச் சேறும் சிராய்ப்புமாக இறங்குவான், நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு 'இல்லை' என்று எழுதுவான். ஏழு வாரமாக இதே கதை.

அவன் மனைவி க்ளெமென்ஷாவும் ஏழு வாரமாக ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவள் மூன்று மாத கர்ப்பம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்திருக்கிறது. சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அவளுக்கு ஒரு வீம்பு. அவனாகப் பார்த்து, "என்ன, ஒரு மாதிரியா இருக்க?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று இருந்தாள். அவனோ அவள் பக்கம் திரும்புவதாகவே காணோம். பாதி வீட்டுக்குக் கூரை இல்லை. மிச்சப் பாதியில் தகரத்தைப் போட்டு மேலே கல் வைத்திருந்தது, அதுவும் அவளே ஏற்றி வைத்தது.

மசக்கை வேறு அவளைப் படுத்தியது. நிவாரணக் கப்பலில் வந்த மத்தி மீன் டின்னைத் திறந்தாலே குடல் புரண்டது. மாவு உருண்டையும் தங்கவில்லை. சேப்பங்கிழங்கு அழுகிப்போயிற்று, சீமைப்பலா மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன. கொல்லையில் பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றதால் ஒரே ஓர் ஆரஞ்சு மரம் மட்டும் தப்பியிருந்தது. அந்தப் பழம்தான் அவள் வயிற்றில் நின்றது. ஒரு நாளைக்கு நாலைந்து தின்பாள்.

பக்கத்து வீட்டு வெரோனாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். தெரியும் என்ன, மோப்பம் பிடித்துவிட்டாள்.

"உன் புருஷன்கிட்ட சொல்லித் தொலையேண்டி."

"அவன் கண்ணு எதுக்கு இருக்கு?"

"அது கிளி பாக்க இருக்கு. நீ ஒரு வாலும் ரெண்டு றெக்கையும் ஒட்டிக்கிட்டு மரத்துல ஏறி உக்காரு, ஓடி வருவான்."

க்ளெமென்ஷா சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் பாறைப் பக்கம் ஓட வேண்டியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹெஸ்கித் போன பிறகு, ஆரஞ்சு மரத்தில் சலசலப்பு கேட்டது. ஜாக்கோதான் என்று நினைத்தாள். ஜாக்கோ எங்களுடைய இன்னொரு கிளி, சின்னது, கழுத்தில் சிவப்பு, பழத்தோட்டத்துக்காரர்கள் எல்லாரிடமும் வசவு வாங்கியது. "திருட்டுக் கழுதை, போ!" என்று கல்லை எடுத்தாள். அது திரும்பியது. கழுத்தில் சிவப்பு இல்லை. கோழி அளவுக்கு உடம்பு. நெஞ்சு முழுக்கக் கத்தரிப்பூ நிறம், வெயில் பட்டதும் இன்னும் கருத்து மின்னியது. காலில் பழத்தைப் பிடித்துக்கொண்டு, கப்பம் வாங்க வந்த துரை மாதிரி அவளை ஒரு பார்வை பார்த்தது.

கையிலிருந்த கல் தானாகக் கீழே விழுந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புதன்கிழமையும் கிளி வந்தது, வியாழக்கிழமையும் வந்தது, அவள் சொல்லவில்லை. கிளி ஒரு பழத்தைத் தின்று மூன்றைக் கடித்துப் போட்டுப் பாழாக்கியது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மரத்தைச் சுற்றி வேலி வரும். தலைநகர் ரோஸோவிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவள் வாய்க்கு ருசித்த ஒரே பழமும் சர்க்கார் சொத்தாகிவிடும். அதெல்லாம் சாக்கு. உண்மை என்னவென்றால் அவளுக்குப் பொறாமை. இந்த வீட்டுக்காரன் ராப்பகலாக உருகுவது அந்தக் கிளிக்காக, தனக்காக இல்லை என்கிற எரிச்சல். ஒரு கிளியைப் பார்த்து வயிறெரிகிறோமே என்று அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெஸ்கித் வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். தட்டைத் தொடவில்லை.

"நாளைக்குக் காலையில மாவு லாரியிலயே ரோஸோ போறேன். ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. நவம்பர் மூணாந்தேதி சுதந்திர தினம் வருதுல்ல, அதுக்கு முன்னால முடிவாத் தெரியணுமாம்."

"என்னன்னு எழுதப் போற?"

"என்ன எழுதறது? இல்லைன்னுதான். செத்துப்போச்சு, க்ளெம். அது உக்காந்த மரம் ஒண்ணுகூட நிக்கல. கொடியில வெச்சு ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள..." முகத்தைப் புறங்கையால் துடைத்தான்.

அவள் நெஞ்சு கரைந்துபோயிற்று. அத்தனை வீம்பும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சாகல. நம்ம ஆரஞ்சு மரத்துக்கு வருது. செவ்வாய்க்கிழமையிலேருந்து."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை, அலுப்புதான். ஏழு வாரத்தில் ஊரில் பாதிப்பேர் அவனிடம் வந்து சிசெருவைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள். எல்லாமே ஜாக்கோ. கடைக்கார அல்பினஸ் பார்த்தது ஓடிப்போன ஒரு வான்கோழி.

"நீயுமா? நெஞ்சு என்ன நிறம்?"

"கத்தரிப்பூ நிறம்."

"நிழல்ல ஜாக்கோகூட அப்படித் தெரியும். கழுத்தைப் பாத்தியா?"

"பாத்தேன். சிவப்பு இல்ல."

"எவ்வளவு தூரத்துல? வெயில் எந்தப் பக்கம்?"

அவளுக்குச் சுருக்கென்றது. "ஏய், நான் உன் பொண்டாட்டி. அல்பினஸ் இல்ல. ஒன்பது வருஷம் உனக்குச் சோறு போட்டவகிட்ட வெயில் எந்தப் பக்கம்னு கேக்கறியா? விடிஞ்சதும் உக்காந்து பாரு. கண்ணு இருந்தா தெரியும்."

விடிந்ததும் இருவரும் கூரையில்லாத பாதியில், கவிழ்த்துப் போட்ட வாளிகள் மேல் உட்கார்ந்தார்கள். மரம் நேர் எதிரே. அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை. வெயில் பாறை மேல் ஏறியது, மரத்தின் உச்சிக்கு வந்தது, நடுக்கிளைக்கு இறங்கியது. ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. எத்தனை நாள் விரட்ட நினைத்தாளோ, அத்தனைக்கும் சேர்த்து இப்போது மனதுக்குள் அதைக் கூப்பிட்டாள். வா, சனியனே, வந்து தொலை.

கீழே சாலையில் லாரி ஹாரன் அடித்தது.

"பரவாயில்ல, டூடூ" என்றான். செல்லமாகக் கூப்பிட்டதுதான் அவளுக்கு அடிபட்ட மாதிரி இருந்தது. தன்னைத் தேற்றத்தான் அவள் கதை கட்டினாள் என்று அவன் நினைத்துவிட்டான். பொய்க்காரி என்று திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"மரத்தடிக்காவது போயிட்டுப் போ" என்றாள்.

அவளுக்காகத்தான் போனான். போனவன் குனிந்தான். கடிபட்ட பழம் ஒன்றை எடுத்தான். கடி விழுந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். இன்னொன்றை எடுத்தான், அதிலும் வைத்தான். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். அவள் ஓடி வந்தாள்.

"ஜாக்கோ அலகு இவ்வளவு அகலம் கடிக்காது" என்றான். "க்ளெம், இது ஜாக்கோ இல்ல. இது அதான். இருக்கு! உயிரோட இருக்கு!"

"அதைத்தான் நேத்துலேருந்து சொல்றேன்."

அவன் சிரித்தான், அழுதான், மண்ணையே தடவினான். பிறகு சட்டென்று எழுந்து மரத்தை அண்ணாந்து பார்த்தான். கிளைகிளையாக எண்ணினான். பத்தொன்பது பழம். முகம் மாறியது, வனக்காவலன் முகம்.

"இனிமே இந்த மரத்துல யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு பழம்கூட."

"அப்ப உன் பிள்ளைக்கு நான் என்ன குடுக்க?"

அவள் சொல்ல நினைத்துச் சொன்னதல்ல, வாய் தவறி விழுந்துவிட்டது. லாரி மறுபடி ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

ஹெஸ்கித்தின் பார்வை கீழே போனது. அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான், தடம் பார்ப்பது. கடித்துப் போட்ட பழங்கள் ஒரு பக்கம். பாறை ஓரம் கத்தியால் சீவிய தோல்கள், பழையது, புதியது, குவியலாக. அதைத் தாண்டி, வாந்திக்கு மேல் சாம்பல் போட்டு மூடிய இடங்கள், ஒன்றா, இரண்டா. அவன் பார்த்துக்கொண்டே போனான். மொட்டையான காட்டில் ஓர் இறகு கிடந்தால் பார்த்துவிடுகிறவன், தன் கொல்லையில் இத்தனை நாள் கிடந்ததைப் பார்க்கவில்லை. அது அவனுக்கே உறைத்தது.

கடைசியாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"ரொம்ப இளைச்சுட்ட, க்ளெம்."

அவ்வளவுதான் சொன்னான். க்ளெமென்ஷா அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் பீறிக்கொண்டு வந்தது. அவன் சேற்றுக் கையோடு அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான்.

"எத்தனை மாசம்?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அவன் முதுகுக்குப் பின்னால் இறக்கைச் சத்தம் கேட்டது. கனத்த சத்தம். கிளை ஒன்று தாழ்ந்து எழுந்தது. ஊதல் ஊதுகிற மாதிரி ஒரு குரல். ஒரு மைல் தூரத்தில் கேட்டாலும் ஹெஸ்கித்துக்குத் தெரிகிற குரல், ஏழு வாரமாக மலை மலையாக அவன் தேடி அலைந்த குரல். அவன் விரல்கள் அவள் தோளில் இறுகின. ஆனால் திரும்பவில்லை.

"எத்தனை மாசம்னு கேட்டேன்" என்றான்.

"மூணு" என்றாள் அவள். சொல்லிவிட்டு, அவன் தாடையைப் பிடித்து, தானே அவன் முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிவிட்டாள்.