கரையேறும்போது இரண்டு சைக்கிள்

பார்னாவின் சைக்கிள் பழையது. டிரையத்லான் பந்தயத்தில் எப்போது பின்தங்கினாலும் பழி அதன்மேல்தான் விழும். புதிது வாங்க அவன் துடித்தான். மனைவி எனிகோ மசியவில்லை.

"மொதல்ல நீச்சல், அப்புறந்தான் சைக்கிள், ஓட்டம். நீ ஏரியை விட்டு வர்றதுக்குள்ள எல்லாரும் சைக்கிளை எடுத்துட்டுப் போயிடறாங்க. உன்னோடது மட்டும் அனாதையா நிக்குது."

"அப்போ எப்பதான் வாங்கறது?"

"நீ கரையேறும்போது இன்னும் ரெண்டு சைக்கிளாவது பக்கத்துல நிக்கட்டும். மறுநாளே கடைக்குப் போவோம்."

பாலாட்டன் ஏரிப் பந்தயத்துக்கு முந்தின நாள், பார்னா தன்னோடு பந்தயத்தில் நீந்தும் நண்பர்களான என்னையும் லொரானையும் கசகசா நூடுல்ஸ் சாப்பிடக் கூப்பிட்டான்.

"டேய், நீங்க எப்படியும் பரிசு வாங்கப் போறதில்ல. ஏரியில கடைசி மிதவையைப் பிடிச்சுட்டு இருங்க. நான் தாண்டினதும் வாங்கடா."

"தண்ணி சில்லுனு இருக்குமே மாப்ள," என்றான் லொரான்.

"இந்த சீசன் பூரா ஒயின் என் செலவு."

அப்புறம் குளிராவது ஒன்றாவது!

மறுநாள் மிதவையைப் பிடித்தபடி பல் கிடுகிடுக்க ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தோம். காவல் படகுக்காரர் இருமுறை வந்து விசாரித்துவிட்டுப் போனார். அப்போது சிவப்புத் தொப்பி ஒன்று நேராக எங்களிடம் வந்து நின்றது. கண்ணாடியைத் தூக்கினால், எனிகோ! முதுகுவலி என்று வாரந்தோறும் வெந்நீர்க் குளத்துக்குப் போனவள், அங்கே என்ன செய்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

"என்ன, மாநாடா?"

"கால் பிடிச்சுக்கிச்சு," என்றான் லொரான்.

"எனக்கும்தான்," என்றேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல! நல்லா மிதங்க. உங்க ஆளு பின்னாடிதான் வர்றான்." போய்விட்டாள்.

சற்று நேரத்தில் பார்னா கண்ணடித்துவிட்டுக் கடந்தான். பின்னாலேயே நாங்களும் கரையேறினோம். எங்கள் சைக்கிள்களைக் காட்டி, "ரெண்டு! ரெண்டு!" என்று குதித்துக்கொண்டிருந்தான். எனிகோ இரவல் சைக்கிளில் எப்போதோ கிளம்பியிருந்தாள்.

எல்லைக் கோட்டில் அவள் பொரித்த லாங்கோஷ் ரொட்டி தின்றுகொண்டு காத்திருந்தாள். வாயெல்லாம் பூண்டு வாசம். பார்னா திகைத்து நின்றான்; ஆனாலும் "ரெண்டு சைக்கிள் நின்னுச்சு" என்ற பேச்சை விடவில்லை.

"சொன்னா சொன்னதுதான். நாளைக்கே வாங்கிடலாம்," என்றாள்.

மறுநாள் கடையில், நாடாவோடு வந்த கடைக்காரர் பார்னாவின் கால் பக்கம் குனிந்தார்.

"அவருக்கில்ல. எனக்கு அளவெடுங்க."

"ஏய்! சைக்கிள் எனக்குன்னுதானே பேச்சு?"

"கடைக்குப் போவோம்னுதான் சொன்னேன். யாருக்குன்னு சொன்னேனா? நான் கரையேறினப்ப உன்னோடதையும் சேர்த்து மூணு நின்னுச்சு."

ஒயின் மட்டும் பேசியபடி வந்தது. எனிகோவும் புது சைக்கிளில் வந்து எங்களோடு உட்கார்ந்து, அவன் செலவிலேயே குடித்தாள்.