இசபெல்லாவின் கீழ்ப்பல் செட்டு

1966ஆம் ஆண்டு ஈஸ்டர் முடிந்த வாரத்திலிருந்து, யாகப்பன் மனைவி இசபெல்லா தன் கீழ்ப்பல் செட்டை மாட்டும் சத்தம் ஊரில் உள்ள எல்லோருடைய காதுக்குள்ளும் கேட்டது. பிறவியிலேயே காது கேளாத நஞ்சம்மாளுக்கும் கேட்டது. மாட்டும்போது 'டக்', கழற்றும்போது 'டொக்'. கிட்டத்தில் உரக்கவும் தூரத்தில் மெல்லவும் என்ற பேதமே அதற்கு இல்லை. அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்த யாகப்பனுக்கு எவ்வளவு கேட்டதோ, ஏரிக்கு அந்தப் பக்கம் புளி உலுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் அவ்வளவே கேட்டது. அந்த வருடம் மொரப்பூர்ப் பக்கம் புளி நல்ல விளைச்சல், விலைதான் சுமார்.

இசபெல்லாவுக்கு நாற்பது வயது ஆவதற்குள் ஈறு வீங்கி ஒவ்வொன்றாகப் பல் ஆடி விழுந்துபோனது. வாய்க்குள் உறுதியாக நின்றவை கீழ்வரிசையில் இரண்டு கோரைப் பற்கள் மட்டுமே. பல் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவள் கேட்டபோது யாகப்பன், "களிய முழுங்கறதுக்குப் பல்லு எதுக்கு புள்ள?" என்றார். ஊரில் மூன்று வேளையும் ராகிக் களிதான் என்பதால் அது நியாயமான கேள்வியாகவே எல்லோருக்கும் பட்டது. அவளுக்கோ வறுத்த கடலை வேண்டியிருந்தது. கரும்பு வேண்டியிருந்தது. சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடாமல் இருக்க வேண்டியிருந்தது. தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பெங்களூரில் படித்த பல் டாக்டர் ஒருவர் அங்கே பஸ் ஸ்டாண்டு அருகில் புதிதாகக் கடை போட்டிருந்தார். அந்த இரண்டு கோரைப் பற்களையும் பிடுங்காமல் ஈறு மட்டத்துக்கு அறுத்து, வேரை மட்டும் விட்டுவைத்து, அதன் மேல் தொப்பி மாதிரி தங்கக் குப்பி போட்டு, அதில் வந்து பூட்டிக்கொள்கிற மாதிரி கீழ்ச் செட்டு செய்யலாம், மேலுக்குச் சாதாரணச் செட்டே போதும் என்றார். மற்றவர்களுக்குப் போல நாக்கின் மேல் நடனமாடாது என்றார். குப்பிக்கு இசபெல்லா தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே ஒரு பொட்டலம் கடலையைத் தின்று முடித்தாள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஊர் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அதுவரை ஒவ்வொருவரும் தன் காதில்தான் கோளாறு என்று எண்ணெய் விட்டுக்கொண்டார்கள். கண்டுபிடித்த பிறகு எரிச்சல்தான் மிஞ்சியது. அவள் எப்போது சாப்பிட உட்கார்ந்தாள், எப்போது எழுந்தாள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. அடுத்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் 'டக்' என்று கேட்டபோது கோயிலில் இருந்த அத்தனை பேரும் தலை நிமிர்ந்தார்கள், பிரசங்கத்தில் இருந்த சாமியார் சொல்லை மறந்தார். பட்டப்பகலில் அவர்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்து 'டொக்' என்றும் கேட்டுவிட்டால், மறுநாள் கிணற்றடியில் யாகப்பனைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். அவர் இரண்டு வருடம் வேறு கிணற்றுக்குப் போய்க் குளித்தார்.

புருஷனும் பெண்டாட்டியும் டாக்டரிடம் போனார்கள். அவர் அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். செட்டை முதலில் மாட்டிப் பார்த்தவர் அவர்தானே. ஒருமுறை கேட்ட காதுக்கு அந்தச் சத்தம் அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் கேட்கும் என்பது அவர் சொல்லித்தான் தெரியவந்தது. "அடுத்தவங்க வாய்ல ஊசி வெச்சிட்டிருக்கும்போதே கேக்குதும்மா, ஊசி எடம் மாறிப் போவுது" என்றார். குப்பியை அரத்தால் தேய்த்தார். மெழுகு வைத்தார். செட்டின் குழிக்குள் ரப்பர் வளையம் போட்டார். சத்தம் இன்னும் துலக்கமாயிற்று. கடைசியில், வேர் இரண்டையும் பிடுங்கி எறிந்துவிட்டுச் சாதாரணச் செட்டு போட்டுவிடலாம், தானே இலவசமாகச் செய்கிறேன் என்றார். இசபெல்லாவும் அலுத்துப்போய் அறுவடை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறு வருடம் பிறந்து அந்த அறுவடை முடிவதற்குள் அவர்கள் ஒரே மகள் சகாயமேரி, மொரப்பூருக்குச் சிமெண்டு ஏற்றி வந்த லாரி டிரைவர் குப்புராஜோடு போய்விட்டாள். அவன் வேறு மதம் என்பது ஒரு பக்கம், கேட்காமல் போனாள் என்பது மறுபக்கம். தொப்பூர்க் கணவாயில் சாலையோரம் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார்கள் என்று சேதி வந்தது. அவள் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது, அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது, கடுதாசி வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போட வேண்டும் என்று யாகப்பன் சொல்லிவிட்டார். இசபெல்லா அன்று சாப்பிடாமலேயே செட்டை மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றிக் கொண்டிருந்தாள். மாடு கறக்க முடியவில்லை என்று நாலு வீட்டுக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள்.

அடுத்த மாதம் ஊர்ப் பெரியவர் சென்றாயன் பஞ்சாயத்தைக் கூட்டினார். டாக்டரே பிடுங்குகிறேன் என்கிறார், ஊர்ச் செலவில் வண்டி கட்டுகிறோம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"புடுங்க மாட்டேனுங்க" என்றாள் இசபெல்லா.

"போன வருசம் சரின்னயே?"

"போன வருசம் என் மவ வூட்ல இருந்தா. இப்ப அவளுக்கு என்னோடது கேக்கறது இது ஒண்ணுதானுங்க. இதையும் புடுங்கிட்டா, ஆத்தா இருக்காளா செத்தாளான்னு அவ யாரக் கேப்பா?"

யாகப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். சென்றாயன் தலையில் அடித்துக்கொண்டார். தீர்ப்பு எதுவும் சொல்லாமலேயே பஞ்சாயத்து கலைந்தது. அதற்குப் பிறகு ஊர் பொருமிக்கொண்டே வாழப் பழகியது. பெங்களூருக்கு மில் வேலைக்குப் போனவர்களும், சேலத்தில் படிக்கப் போனவர்களும், பட்டாளத்தில் சேர்ந்து பனிமலையில் நின்ற சவரியும் அவள் சாப்பிட உட்கார்வதைக் கேட்டார்கள். சவரி விடுமுறையில் வந்து, தான் துப்பாக்கி பிடிக்கும்போதாவது மாட்டாமல் இருக்கக்கூடாதா என்று அவளிடம் சண்டை போட்டுவிட்டுப் போனான்.

1974ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கல்லின் மேல் வைத்திருந்த கீழ்ச் செட்டை எருமை மிதித்து இரண்டாக்கியது. இசபெல்லா அதைத் துணியில் முடிந்து டாக்டருக்குக் கொடுத்தனுப்பினாள். ஒட்டிக் கொடுக்க ஒரு வாரம் ஆகும் என்றார். ஊரில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வெளியூரில் இருந்தவர்களுக்கு 'டக்' நின்றுபோனது மட்டும்தான் தெரியும்.

வியாழக்கிழமை காலை ரயிலில் பெங்களூர்க்காரர்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். அடுத்த வண்டியில் சேலத்துப் பையன்கள். எட்டு வருடமாகத் திட்டியவர்கள் தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தார்கள். இசபெல்லா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். பல்லில்லாத வாயால், யார் செத்தது என்று கேட்டாள். அழுதவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. உயிரோடு இருப்பவள் ஒரு தந்தி கொடுத்தால் என்ன என்று கத்தினார்கள். யாகப்பன் அதைவிட உரக்கக் கத்தினார். அரிசிக்கு எங்கே போவேன், இத்தனை பேரை யார் வரச் சொன்னது என்றார்.

மத்தியானம் ஒரு லாரி வந்து நின்றது. சகாயமேரி இடுப்பில் குழந்தையோடு குதித்து இறங்கி, மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கூட்டத்தை விலக்கியவள் அம்மாவைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இசபெல்லா முறத்தைப் போட்டுவிட்டு வந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குப்புராஜ் லாரியை விட்டு இறங்கவே இல்லை.

எல்லோரும் யாகப்பனைப் பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார், வாசல் நிறையக் கிடந்த மாலைகளைப் பார்த்தார், ஆறு அடுப்பில் வைத்தாலும் போதாத கூட்டத்தைப் பார்த்தார்.

"ஒக்காந்துட்டா ஆச்சா? போய் அரிசியக் களை" என்றார். பிறகு லாரிப் பக்கம் திரும்பி, "அந்த ஆளுக்குத் தனியா வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடணுமா? எறங்கி வந்து வெறகு பொளக்கச் சொல்லு" என்றார்.

அன்று ஊரே அங்கே சாப்பிட்டது. சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது என்று நிறையப் பேர் குறை சொன்னார்கள். அடுத்த வாரம் செட்டு திரும்பி வந்தது. பெங்களூரிலும் சேலத்திலும் பனிமலையிலும் மறுபடி 'டக்' கேட்டது. யாரும் தலையைத் தூக்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை யாகப்பனும் இசபெல்லாவும் தர்மபுரியில் தொப்பூர் பஸ் ஏறினார்கள். உட்கார இடம் இல்லை, வெயில் ஏறியிருந்தது, கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போட்டான். டவுனைத் தாண்டியதும் யாகப்பன் மனைவி பக்கம் குனிந்து சலிப்போடு சொன்னார்:

"ரெண்டு தடவ மாட்டிக் கழட்டு. கெளம்பிட்டோம்னு மவளுக்குத் தெரியட்டும், உல வெப்பா."

அவள் வாயை முந்தானையால் மூடாமலேயே மாட்டிக் கழற்றினாள்.