நவம்பரில் பிறந்த ஐவர்

செல்யாபின்ஸ்கில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ரோதியோன் செபிகின் ஐந்து பையன்களைத் தப்பான வருடத்தில் தள்ளிவிட்டான். கடல் கடந்த ஐஸ் ஹாக்கி அணி ஒன்றுக்கு ரஷ்ய இளசுகளைப் பார்த்துச் சொல்வது அவன் பிழைப்பு. அங்கே ஒவ்வொரு கோடையும் டிராஃப்ட் நடக்கும்: பதினெட்டை எட்டும் இளசுகளை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். “வரும் கோடை டிராஃப்டில் நம்மவர்கள் சமுத்திரம், அடுத்த கோடை வெறும் குட்டை. அந்தக் குட்டைக்கான தேர்வு உரிமைகளை விற்றுவிடலாம்” என்று போன வாரம் எழுதியனுப்பி, தன் மேதைமைக்குப் பரிசாக கறி அடைத்துப் பொரித்த பெல்யாஷ் இரண்டு வாங்கித் தின்றான்.

இன்று ஆட்டம் பார்க்க வந்து மூன்றாவதைக் கடித்தபோதுதான் அரங்கத்து ஒலிபெருக்கி, இன்று பதினேழு வயதாகும் மாரத் கலியூலினுக்கு வாழ்த்துச் சொன்னது. மீதியைக் கீழே வைத்துவிட்டான்.

இந்த ஊர்ப் பனித்தளத்தில் எல்லாரும் பிறந்த வருடத்தைச் சொல்லித்தான் பேசுவார்கள்: இரண்டாயிரத்து ஏழில் பிறந்தவன் ‘ஏழு’, எட்டில் பிறந்தவன் ‘எட்டு’. டிராஃப்டோ செப்டம்பர் நடுவுக்குள் பதினெட்டு ஆகிறவர்களோடு கதவைச் சாத்திவிடும். அதற்குப் பின் பிறந்த ஏழுகள் எட்டுகளோடு அடுத்த கோடைக்குத்தான் போவார்கள். மாரத்தும் அவன் கூட்டாளிகள் நால்வரும் நவம்பர்ப் பிள்ளைகள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதைப் பாடமாக நடத்துகிறவன் ரோதியோன். ஆனாலும் ஊர்ப் பேச்சுப் பழக்கத்தில் ஏழுகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டான்.

கீழே அந்த ஐவரும் எதிரணியைப் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். மாரத் இருவரை ஏமாற்றி, ‘பக்’ என்கிற ரப்பர் வட்டைப் பார்க்காமலே பின்னால் தள்ள, அது கோலானது. ரோதியோன் துள்ளிக் குதித்தான். குதித்த பிறகுதான் தன் வேலைக்குத் தானே குழி தோண்டியது நினைவுக்கு வந்தது. அடுத்த கோலுக்கும் அதே கதை.

கடலுக்கு அப்பால் தன் அணி மேலாளர் கிராண்டுக்குப் போன் போட்டு உளறினான். உரிமைகளை வாங்குகிறவர் இன்னொரு போனில் காத்திருக்கிறார் என்றார் கிராண்ட். போன வாரக் குட்டை இன்று எப்படி நிரம்பியது, அந்தப் பையன்களின் பயிற்சியாளர் தன் வாயால் சொன்னால் விற்பனையை நிறுத்துகிறேன், இல்லாவிட்டால் உரிமையோடு உன் வேலையும் போகும் என்றார்.

பயிற்சியாளர் அக்கீம் லூக்கிச் சொந்தப் பையன்களைப் புகழ்ந்ததாக வரலாறே கிடையாது. இடைவேளையில் ரோதியோன் அவர் வழியை மறித்தான். போனில் கிராண்ட் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“லூக்கிச், அடுத்த கோடை எப்படி?”

“பாக்கலாம்.”

“பாக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். நீங்க சொல்லுங்க.”

“சொன்னா கண்ணு பட்டுடும்டா. படாம இருக்க மூணு தரம் மரத்தைத் தட்டணும், இங்க ஒரு மரக்கட்டை உண்டா? மட்டைகூட இப்போ மரமில்ல.”

“என் தலை இருக்கே. போன வாரம்தான் அது மரம்னு தெரிஞ்சுது.”

கிழவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். குனிந்த தலையில் மூன்று முறை தட்டினார். இடது தோளுக்குப் பின்னால் துப்பினார். பிறகு போனருகே வாயைக் கொண்டுபோனார்.

“எங்க அணியோட நாலு வரிசையில, வர்ற கோடை முதல் வரிசை மட்டும்தான் தேறும். அதுக்கடுத்த கோடை நாலாவது வரிசை வரைக்கும் ஆளிருக்கு. விக்காதீங்க.”