பேபி ஒஸ்டினின் சத்தம்

தோளில் ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். இரண்டு தட்டு என்றால் பின்னால். தோளை அழுத்தினால், போதும், நிறுத்து.

ஸுலைஹா அழுத்தினாள்.

எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய கையின் கீழ் கணவரின் தோள் தாழ்ந்தது. ஸ்பேனரை எடுக்கக் குனிகிறார் என்று நினைத்தாள். பொருத்தம் சரியாக வந்தவுடன் அவர் போல்ட்டை இறுக்குவார். அதுதான் வழக்கம். அவள் கண்களை மூடியபடியே நின்றாள். சத்தம் மாறியது. பிறகு கண்ணைத் திறந்தாள்.

லத்தீப் பாஸ் பேபி ஒஸ்டினின் முன் சக்கரத்தில் சாய்ந்து கிடந்தார். விழும்போது அவர் கை, திருப்பிக்கொண்டிருந்த டிஸ்ரிபியூட்டரையும் இழுத்திருந்தது. எஞ்சின் கரகரவென்று அடித்தது.

அவருடைய தலையை மடியில் ஏந்திக்கொண்டு அவள் கத்தினாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. கராஜின் கதவு பூட்டியிருந்தது. எஞ்சினை நிறுத்தினால்தான் வெளியில் கேட்கும். நிறுத்துவதென்றால் அவருடைய தலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழும்ப வேண்டும்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு எழும்பி நிறுத்தினாள்.

அப்போது காலை பத்து மணி.

மதிய லுஹர் நேரத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். ஸுலைஹாவுக்கு வெள்ளை உடுத்தி, உள் அறையில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். வண்ணாத்திவில்லிலிருந்து மகள் ஸம்ஹா வந்து பக்கத்தில் இருந்தாள்.

பக்கத்து வீட்டு உம்மு குல்தூம் கேட்டாள்.

"கடைசியா ஏதும் சென்னாரா? கலிமா வந்திச்சா வாயில?"

"எஞ்சின் ஓடிக்கிட்டிருந்திச்சு."

"அது சரி, அவரு சென்னாரா?"

அவர் சொல்லியிருக்கலாம். அவள் எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினொரு வருடமாக அப்படித்தான். லத்தீப் பாஸுக்குக் காது கேட்காது. முதலில் மெல்லிய சத்தங்கள் போயின, பிறகு எல்லாமும். பழைய கார்களின் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை அவர் கையால் தொட்டே அறிந்துகொள்வார். பேரிங்கின் அதிர்வு உள்ளங்கைக்குத் தெரியும். ஆனால் தீப்பொறி ஒரு மயிரளவு முந்துவது கைக்குப் படாது. அதற்குக் காது வேண்டும். அதனால் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பித் தீப்பொறியைச் சரிசெய்யும் கடைசி ட்யூனிங்குக்கு மட்டும் கராஜைப் பூட்டிவிட்டு அவளைக் கூப்பிடுவார். சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வருகிறவர்கள் அதைத் தொழில் ரகசியம் என்றார்கள். பாஸ் மந்திரம் ஓதுகிறார் என்று சிரித்தார்கள். எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வார். பின்னாலிருந்து கூப்பிட்டவர்கள் அவருக்குப் பெருமை பிடித்துவிட்டது என்று போய்விட்டார்கள். செவிடனிடம் யார் கார் கொண்டுவருவார்கள் என்று ஒருமுறை அவளிடம் கேட்டிருக்கிறார். ஸம்ஹாவிடம்கூடச் சொல்லக் கூடாது என்றார். வாப்பாவுக்குக் கொஞ்சம் மந்தம் என்பதுவரைதான் ஸம்ஹாவுக்குத் தெரியும்.

வெளியே கொழுந்தன் ஸப்வானின் குரல் கேட்டது. உப்பு லொறி ஓட்டுகிறவன். இரண்டு வருடத்துக்குப் பிறகு இந்த வளவுக்குள் வந்திருந்தான்.

"காரத் தள்ளுங்க. மையத்தக் கராஜுலதான் குளிப்பாட்டோணும். சீமெந்துத் தரை, தண்ணி போக வழியும் இரிக்கி."

"தள்ளத் தேவல்ல. நானே எடுத்துக்கிட்டுப் போறன்." அது லோறன்ஸ். தலவிலயிலிருந்து வந்திருந்தார். அவருடைய பாட்டனார் வாங்கிய கார் அது, 1934ஆம் வருடத்து பேபி ஒஸ்டின். முடிந்துவிடும், இன்றைக்கு வந்து எடுங்கள் என்று லத்தீப் பாஸ்தான் சொல்லியிருந்தார். அவர் வந்தபோது வாசலில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸுலைஹா மகளின் கையைப் பிடித்தாள். "கார் இப்ப ஓடக்கூடாது எண்டு ஸப்வான் சாச்சாட்ட செல்லு. டிஸ்ரிபியூட்டர் போல்ட் இறுக்கல்ல."

ஸம்ஹா போய்விட்டு வந்தாள். "சாச்சா இறுக்கிட்டாராம் உம்மா. அவரும் இருபது வருஷமா எஞ்சினோடதான் கிடக்கிறாராம். உங்கள ஓதிக்கிட்டு இரிக்கட்டாம்."

இறுக்கிவிட்டான். அது இழுபட்டுப் போன இடத்திலேயே இறுக்கிவிட்டான்.

யாரோ ஹேண்டிலைச் சுழற்றினார்கள். எஞ்சின் பிடித்தது. அறையில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களுக்கு அது வெறும் கார்ச் சத்தம். ஸுலைஹாவுக்கு அது யாரோ உள்ளிருந்து சுத்தியலால் அடிப்பதுபோல் இருந்தது. இந்தக் காரின் எஞ்சின் தண்டான கிராங்கைத் தாங்குவது இரண்டே இரண்டு பேரிங். தீப்பொறி இப்படி முந்தினால் பாரம் இழுக்கும்போது கிராங்க் முறியும். முறிந்தால் வேறு ஒன்று இந்த நாட்டில் தேடிப் பிடிக்க முடியாது. லத்தீப் பாஸ் கடைசியாகச் செய்த கார் பாதி வழியில் உடைந்து நின்றது என்று பேச்சு வரும்.

"பழைய சாமான், இப்பிடித்தான் கத்தும்," என்றான் ஸப்வான்.

"லத்தீப் நானா செஞ்ச வேல பிழை போகாது," என்றார் லோறன்ஸ். காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஸுலைஹா எழும்பினாள்.

"எங்க போற? இத்தாவுல இரிக்கிற பொம்புள, ஆம்பிளைகளுக்கு முன்னால போகேலா," என்றாள் உம்மு குல்தூம்.

குசினி யன்னல் கராஜின் பக்கம் திறக்கும். அவள் மெல்லிய திரைச்சீலையை விலக்காமல் அதன் பின்னால் நின்றாள்.

"லோறன்ஸ் தம்பி, போகாதீங்க."

லோறன்ஸ் ஏழெட்டு முறை இங்கே வந்திருக்கிறார். அவளுடைய தேநீரைக் குடித்திருக்கிறார். குரலைக் கேட்டதில்லை.

"ராத்தாவா?"

"ஓம். ஓஃப் பண்ண வேணாம். இறங்கி பொனட்டத் திறங்க. டிஸ்ரிபியூட்டருக்குக் கீழ உள்ள போல்ட்டக் கொஞ்சம் இளக்குங்க."

"இளக்கிட்டன்."

"என்ட பக்கமாத் திருப்புங்க. மெல்ல. இன்னும்... இன்னும் கொஞ்சம்... கூடிப்போச்சு, திரும்ப விடுங்க."

அவளுடைய கை யன்னல் கட்டையின் மேல் இருந்தது. மரம் சூடாக இருந்தது. அறையில் ஓதுவதை நிறுத்திவிட்டார்கள்.

கரகரப்பு தேய்ந்தது. அடி மெலிந்தது. பிறகு அடி இல்லை. எஞ்சின் மட்டும் இருந்தது.

"அதுதான். இப்ப இறுக்குங்க."

லோறன்ஸ் இறுக்கினார். பொனட்டை மூடினார். "எங்க ஒருத்தருக்கும் காட்டாத வித்த. ராத்தாக்கு மட்டும் படிச்சுக் குடுத்திரிக்காரு நானா."

அதோடு விட்டிருக்கலாம். ஓம், அவர் சொல்லித் தந்தார் என்றால் போதும். அவள் வாயைத் திறக்கப் போனாள்.

"பொண்டாட்டியோட மட்டும் கதைச்சிரிக்காரு," என்றான் ஸப்வான். கராஜ் கதவடியில், குளிப்பாட்டத் தண்ணீர் நிரப்பிய இரண்டு வாளிகளோடு நின்றான். "ரெண்டு வருஷத்துக்கு முன்ன, பெருநாளைக்கு வந்தன். இந்த கேட்டுல நிண்டு மூணு தரம் நானா நானா எண்டு கூப்பிட்டன். முதுகக் காட்டிக்கிட்டு ஏதோ நட்டுக் கழட்டிக்கிட்டிருந்தாரு. திரும்பியும் பாக்கல்ல. பிள்ளைகளுக்கு முன்னால. சரி, இனி என்னத்துக்கு அந்தக் கதை. மையத்தோட கோவம் வெச்சிக்க ஏலுமா."

வாளியின் தண்ணீர் விளிம்பில் ஆடித் தளும்பியது.

அந்தப் பெருநாள் ஸுலைஹாவுக்கு நினைவிருந்தது. ஸப்வான் வரவில்லையே என்று லத்தீப் பாஸ் அந்தி மஃரிப் வரை அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை வெட்ட விடவில்லை.

"அவருக்குக் கேக்காது," என்றாள்.

"என்ன?"

"காது கேக்காது. ரெண்டு காதும். பதினொரு வருஷமா. ஆரும் அறியக்கூடாது எண்டு சென்னாரு. சத்தத்தக் கேட்டுக் கேட்டு நான்தான் தோளத் தட்டிச் செல்லுவன்."

பின்னால் ஸம்ஹா வந்து நின்றது தெரிந்தது. ஸுலைஹா திரும்பவில்லை.

லோறன்ஸ் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்.

"எஞ்சின் சத்தத்துல எனக்கு ஒண்டும் விளங்கல்ல ராத்தா," என்றார். "காரை வெச்சிட்டு அடக்கத்துக்கு வந்திருவன்."

எஞ்சின் அவ்வளவு சத்தம் போடவில்லை. கார் கேட்டைத் தாண்டி, மணல் ஒழுங்கையில் ஏறி, கற்பிட்டி றோட்டுக்குத் திரும்பியது. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். இரண்டாவது கியர். மூன்றாவது. ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. அதன் பிறகு கேட்கவில்லை.

"உம்மா," என்றாள் ஸம்ஹா. "எனக்காவது செல்லியிரிக்க..."

திரைச்சீலையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

கராஜுக்குள் பலகையை வைத்தார்கள். கதவுக்கு மறைப்பாகப் படங்குத் துணி கட்டினார்கள். பெண்கள் மறுபடியும் ஓதத் தொடங்கினார்கள். ஸுலைஹாவைப் பாய்க்குக் கூப்பிட்டார்கள். அவள் குசினியிலேயே, அடுப்படிச் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தாள். சுவருக்கு மறுபக்கம் கராஜ்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது. பள்ளிவாசலிலிருந்து வந்த மனிதர் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொடுத்தார். கற்பூர வாசனை வந்தது. பிறகு ஸப்வானின் குரல் கேட்டது. லொறியிலிருந்து எட்டிக் கூப்பிடும் குரல்.

"நானா! வலக் கையத் தூக்குறன்!"

தண்ணீர் விழுந்தது.

"ஸப்வான், மெல்லமாக் கதைங்க," என்றார் யாரோ. "மையத்து."

தண்ணீர் நின்றது. சுவருக்கு அப்பால் ஒரு கோப்பை தரையில் உருண்டது.

"நானா! இப்ப இடப்பக்கம் திருப்புறம்!"

ஸுலைஹா தலையைச் சுவரில் சாய்த்தாள். செங்கல் வழியாகக் குளிர் ஏறிக்கொண்டிருந்தது.