பிராதுக்கு எத்தனை கிலோமீட்டர்

"உன் பொண்ணு பேரை எழுதித்தான் கட்டுவேன். கொளஞ்சியப்பர் பார்த்துக்குவாரு."

"கட்டுங்க. நானும் கூடவே நடந்து வரேன். எதிரே நின்னுகினு பார்க்கறேன், எப்படி எழுதறீங்கன்னு."

கஸ்தூரியம்மாளும் மாணிக்கம்மாளும் போட்ட சத்தத்தில் எங்கள் நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் பாதி வீடுகளில் குழம்பு அடிப்பிடித்தது. என் வீட்டிலும்தான்.

கஸ்தூரியம்மாளின் செயினைக் காணோம். அன்று தைக்க அளவு ஜாக்கெட் வாங்க மந்தாரக்குப்பத்திலிருந்து வந்துபோனவள் தையல்கார மாணிக்கம்மாளின் மகள் இசைப்பிரியா. அவ்வளவு போதாதா? இசைப்பிரியாவுக்குக் கம்மாபுரத்துத் தமிழ்மாறனைப் பேசி நிச்சயத்துக்கு நாளும் குறித்திருந்தார்கள். பிராதில் பெண்ணின் பேர் ஏறினால் சம்பந்தம் வேண்டாம் என்று அங்கிருந்து போன் வந்துவிட்டது.

விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைப் பிராதாகத் தாளில் எழுதி வேலில் கட்டினால், சாமி தப்பு செய்தவர் வீடு தேடி வந்து விசாரிப்பார். போலீசுக்குப் பயப்படாதவர்களும் எங்கள் பக்கத்தில் இதற்குப் பயப்படுவார்கள்.

மறுநாள் விடியலில் கிளம்பினோம். கஸ்தூரியம்மாளும் மகன் சுதாகரும் முன்னால், மாணிக்கம்மாள் இருபதடி பின்னால், நடுவில் நான். முட்டிவலிக்கு வேண்டுதல் என்று சொல்லியிருந்தேன். பழைய ரோடு சுரங்கத்துக்குள் போய்விட்டதால் சுற்றுவழி. லாரிகள் உரசிக்கொண்டு போயின. சுதாகர் அடிக்கடி அம்மாவிடம், மறக்காமல் இசைப்பிரியா பேரைப் போடச் சொல்லு என்றான். அவன் இவ்வளவு பக்திமான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கோயிலில் பிராது எழுதுபவர் பேனாவைத் திறந்ததும் மாணிக்கம்மாள் முன்னால் வந்தாள்.

"எம்பொண்ணு எடுத்ததைப் பார்த்தீங்களா? பார்க்கலன்னா, எடுத்தது யாரோன்னு எழுதுங்க. சாமி கண்டுபிடிக்காதா?"

கஸ்தூரியம்மாள் தயங்கினாள். சாமியிடம் பொய்ப் பிராது கொடுத்தால் அது கொடுத்தவள் தலையில்தான் விழும். யாரோ என்றே போடச் சொன்னாள்.

"சரிங்க. எந்த ஊரு, எத்தனை கிலோமீட்டர்?" என்றார் எழுதுபவர்.

சாமி எவ்வளவு தூரம் வர வேண்டும் என்று பிராதில் எழுதியாக வேண்டும். ஆளே தெரியாதபோது எதுவரைக்கும் அளப்பது?

கஸ்தூரியம்மாள் யோசித்தாள். பொருள் போனது தன் வீட்டில்தானே, தன் வீடு வரைக்கும் போடுங்கள் என்றாள்.

சுதாகர் தாளின் மேல் கையை வைத்தான். "நம்ம வூடு வேணாம்மா."

"ஏன்டா?"

"சாமி நம்ம வூட்டுக்கே வந்துடும்மா."

எழுதுபவர் பேனாவை மூடினார்.

சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன எவனிடமோ சுதாகர்தான் செயினைக் கொடுத்துவிட்டான். அந்த ஆளையே இப்போது காணோம். இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு அரைமணி நேரமானது. ஒரு வரி விடாமல் கேட்டேன். கஸ்தூரியம்மாள் அவனை அடிக்கவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை.

மாணிக்கம்மாள் தன் போனை நீட்டினாள். "கம்மாபுரத்துக்கு. நீங்களே சொல்லுங்க."

சொன்னாள். நாங்கள் நிற்க, ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னாள்.

வைகாசியில் இசைப்பிரியாவுக்கும் தமிழ்மாறனுக்கும் கல்யாணம் நடந்தது. சுதாகர் திருப்பூருக்குப் போய்விட்டான். கஸ்தூரியம்மாள் குவார்ட்டர்ஸை மாற்றிக்கொண்டு, விஷயம் தெரியாத பிளாக்காகப் பார்த்துக் குடிபோனாள். அந்தத் தெருவில்தான் என் நாத்தனார் இருக்கிறாள்.